ஜப்பான்காரர் விற்ற லென்ஸ்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு சபாபதியுடையது. வாரத்தில் ஆறு நாள் ரயில்வேயின் வரைபட ஆபீசில் உட்கார்ந்து, துரைமார் போட்ட பாலங்களையும் தண்டவாள வளைவுகளையும் மெல்லிய துணித்தாளில் நகலெடுப்பான். ஏழாம் நாள் அவன் வீட்டின் பின்பக்கம் ஸ்டூடியோவாகிவிடும்.

பின்சுவரை ஒட்டி அவனே ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை இறக்கியிருந்தான். கூரையில் ஒரு பாகத்தைப் பிரித்துவிட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருந்ததால் மலாயா வெயில் பால் மாதிரி இறங்கும். பின்னால் தொங்கிய திரையும் அவன் எழுதியதுதான். பளிங்குத் தூண், படிக்கட்டு, ஒரு ஏரி, அதில் இரண்டு அன்னம். வந்தவர்கள் எல்லாரும் அவற்றை வாத்து என்றே சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அடுக்களை இருட்டறையாகிவிடும் என்பதால், அவன் மனைவி நல்லம்மாள் காலை ஒன்பது மணிக்குள் சோறு வடித்துவிட்டு அடுப்பை அவித்துவிடுவாள்.

கேமரா பழசு. மூக்கில் பித்தளை லென்ஸ் ஒன்று. அதன் மூடியைக் கையால் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மறுபடி மூட வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கைக்கும் உட்கார்ந்திருப்பவர் அசையக் கூடாது. ரயில் பாதையில் கல் கொட்டுகிறவர்களும், செங்கல் சூளைக்காரர்களும், மாட்டுவண்டி ஓட்டுகிறவர்களும் இருப்பதிலேயே நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, கறுப்புத் துணிக்குள் சபாபதி தலையை விட்டதுமே விறைத்துப் போவார்கள்.

அவர்களை இளக்குவது நல்லம்மாளின் வேலை. வேலை என்று யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை. அவள் முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கையும் பிள்ளைகளுக்குச் சட்டையும் தைப்பாள். அளவு கொடுக்க வந்தவர்களிடம், "அவரு படம் புடிப்பாரு, இந்தச் சட்டையப் போட்டே புள்ளைய ஒண்ணு புடிச்சு வச்சுக்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்ததும் கேமராவுக்கு இடப்பக்கம், கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு பேச்சுக் கொடுப்பாள்.

"என்னக்கா, காணாமப் போன கோழி வந்துச்சா?"

"வந்துச்சு நல்லம்மா. கூடவே இன்னொண்ணையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கு."

அந்த முகம் அவிழும் நேரத்தில் சபாபதி மூடியைக் கழற்றிவிடுவான். சில சமயம், "நீ சும்மா இரேன், அவங்க அசையுறாங்க" என்று துணிக்குள்ளிருந்து சத்தம் வரும்.

சபாபதி அந்தத் தொழிலை விளையாட்டாகச் செய்யவில்லை. சீமையிலிருந்து வரும் படக்கலைப் பத்திரிகை ஒன்றை ஆபீஸ் துரை படித்துவிட்டுப் போடுவதை வாங்கி வந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தான். மருந்துகளைப் பொற்கொல்லர் தராசில் நிறுத்துக் கலக்கக் கற்றான். கண்ணாடித் தகட்டில் பென்சிலால் தீட்டி முகத்துச் சுருக்கத்தை மறைக்கக் கற்றான். முதல் வருஷம் சாம்பல் பூத்த மாதிரி வந்த படங்கள் மூன்றாம் வருஷம் தெளிந்து, கறுப்பு கறுப்பாகவும் வெளுப்பு வெளுப்பாகவும் வந்தன. அவன் வளர்ந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் பத்திரிகையில் வரும் படங்களின் பக்கத்தில் தன் படத்தை வைத்துப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. கண் இமை மயிரை எண்ணிவிடலாம் போல இருக்கின்றன அவை. தன்னுடையதில் ஓரமெல்லாம் கரைந்து கிடக்கிறது.

"கை குத்தமில்ல நல்லம்மா, லென்ஸு குத்தம்" என்பான்.

லென்ஸைச் சோதிக்க அவனுக்கு ஒரு வழி இருந்தது. நல்லம்மாளைத் திரைக்கு முன்னால் நிறுத்தி, கையில் தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பான். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, எத்தனை எழுத்து படிக்க முடிகிறது என்று பார்ப்பான். மருந்து மாற்றினாலும், தகடு மாற்றினாலும் இதேதான். அவள் அரைத்த மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கு. ஆங். கை ஆடக் கூடாது."

"நான் தெரியுறேனா?"

"பேப்பர்தான் தெரியணும்."

பத்து ரோடு என்ற கடைத்தெருவில் ஒரு ஜப்பான்காரர் படக்கடை வைத்திருந்தார். வயதாகி, ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொல்லி ஒவ்வொரு சாமானாக விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஜெர்மன் லென்ஸ் இருப்பது சபாபதிக்குத் தெரியவந்தது. மூடியைக் கழற்றி எண்ணும் வேலையெல்லாம் இல்லை. ரப்பர் குமிழை அமுக்கினால், கண் மூடித் திறப்பதற்குள் படம் விழுந்துவிடும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சபாபதி தன் படங்களில் நல்லவையாக இருபது எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினான். அந்த லென்ஸ் இருந்தால் இவன் எப்படி எடுப்பான் என்று அவர் சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை.

ஜப்பான்காரர் படங்களைப் பலகையில் பரப்பி வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார், "ஏன் எல்லாரும் இந்தப் பக்கமே பார்க்கிறார்கள்?"

சபாபதி குனிந்து பார்த்தான். உண்மைதான். வண்டிக்காரரும், சூளைக்காரரின் மனைவியும், புதுச்சட்டைப் பிள்ளைகளும், ஒருவர் பாக்கியில்லாமல், லென்ஸை விட்டுக் கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கே யார்?" என்றார் அவர்.

சபாபதிக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷமாக இந்தப் பிழை தன் கண்ணில் படவில்லையே என்று இருந்தது. "யாருமில்லை" என்றான்.

லென்ஸ் வாங்குவதற்கு வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது தையல் மெஷின் ஒன்றுதான். அவன் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டு வாரம் லென்ஸைப் பற்றியே பேசினான். மூன்றாம் வாரம் நல்லம்மாளே வாயைத் திறந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. நான் கையாலயே தைச்சுக்குவேன்."

"ஒரு வருஷம்தான். அப்புறம் புதுசே வாங்கித் தரேன்."

"சரி. ஆனா ஆளு வந்து தூக்கிட்டுப் போற அன்னிக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன்."

அன்றைக்கு அவள் அடுத்த வீட்டுத் தனலெட்சுமியோடு பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது ஜன்னலோரத்தில் மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. அவள் அதன்மேல் ஒரு பாயை விரித்தாள்.

புது லென்ஸ் பூட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை சபாபதி அவளைக் கொட்டகைக்குள் வர வேண்டாம் என்றான்.

"நீ அந்த ஓரமா நின்னா எல்லாரும் உன்னையே பார்க்குறாங்க. படம் கெட்டுப்போகுது. ஜப்பான்காரரே சொல்லிட்டாரு."

"நான் பேசுறதுக்குத்தானே..."

"இனிமே பேச்சு வேணாம். அரை நொடிதான். எல்லாம் முடிஞ்சிரும்."

அவள் முன்னறைப் பாயில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

படங்கள் அவன் கனவு கண்டது போலவே விழுந்தன. நூல் இழை தெரிந்தது. வேட்டிக் கரையின் மடிப்புத் தெரிந்தது. எல்லாரும் நேராக லென்ஸைப் பார்த்தார்கள். வந்து வாங்கியவர்கள்தான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அம்மைத் தழும்பு இத்தனையா இருக்கு எனக்கு?" என்றாள் ஒருத்தி. வண்டிக்காரர் தன் படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போலீஸ்ல புடிச்சு வச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றார். மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டுப் பேர் வந்த இடத்தில் இரண்டு பேர் வந்தார்கள். தைக்கக் கொடுக்கிறவர்களும் குறைந்துபோனார்கள். கையால் தைத்து முடிக்க நாளாகிறதென்று அவர்கள் மெஷின் உள்ள இடத்துக்குப் போனார்கள்.

ஜனங்களுக்கு ரசனை போதாது என்று சபாபதி முடிவு கட்டினான். அடுத்து வாங்க வேண்டியது படம் பெரிதாக்கும் பெட்டி என்று பத்திரிகையில் ஒரு பக்கத்தை மடித்து வைத்தான். பெரிசாக்கிச் சுவரில் மாட்டினால்தான் இந்த லென்ஸின் அருமை தெரியும் என்று அவனுக்குத் தோன்றியது. மின்சாரம் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்திலேயே வேலை செய்யும் பெட்டி அது. ஆபீசில் பாழாய்க் கிடந்த பெட்டிப் பலகையைக் கேட்டு வாங்கி, நான்கு மாதம் பாடுபட்டுத் தானே செய்துவிட்டான். நல்லம்மாளைப் பத்திரிகையோடு நிறுத்திப் படம் எடுத்து, அந்தத் தகட்டைக் கதவளவு பெரிதாக்கிப் பார்த்தான். தலைப்புச் செய்தி ஒவ்வொரு எழுத்தும் விரல் கனத்துக்கு வந்தது. அன்றைக்கு அவன் சந்தோஷமாக இருந்தான். "இங்க வந்து பாரேன்" என்று அவளைக் கூப்பிட்டான். அவள் ஈரத்தாளைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "எனக்குக் குளிருது, கொஞ்சம் படுத்துக்குறேன்" என்றாள்.

அது மலேரியா காய்ச்சல் என்றார்கள். கொய்னா மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் பிதற்ற ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷாவில் கொண்டுபோனான். வழியெல்லாம் அவள் யாரோ ஒரு பெண்ணிடம், கழுத்து அளவு சரியாக இருக்கிறதா, கை இறுக்குகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எட்டாம் நாள் காலையில் போய்விட்டாள். வயது இருபத்தொன்பது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்றாள் தனலெட்சுமி. "மாலை போட்டு வைக்கணும்லா அண்ணே. படக்காரரு வீட்டுல படத்துக்கா பஞ்சம்?"

சபாபதி அலமாரியைத் திறந்தான். ஏழு வருஷத்துத் தகடுகள் உறை போட்டு, தேதி எழுதி, வரிசையாக நின்றன. நல்லம்மாள் இருக்கும் தகடுகள் மட்டும் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். முதல் தகட்டில் பத்திரிகை இருந்தது. பத்திரிகையின் இருபுறமும் எட்டு விரல் இருந்தன. மேலே தலையின் வகிடு கொஞ்சம். அடுத்ததிலும் பத்திரிகை. அதற்கடுத்ததில் முகவாய் வரை இருந்தது. காற்றுக்குப் பத்திரிகை மடிந்த ஒன்றில் ஒரு கண்ணும் பாதி மூக்கும் இருந்தன. முழு முகம் விழுந்த தகடு ஒன்றே ஒன்று, அவள் பத்திரிகையைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தபோது எடுத்தது. அதில் குறி முழுக்க எழுத்தின்மேல் இருந்ததால் முகம் பின்னால் கலங்கிக் கிடந்தது. பருத்தி விலையும், கப்பல் புறப்படும் நாளும், ஒரு கடையின் வேட்டி விளம்பரமும் அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தன.

அந்த ஒன்றைப் பெட்டியில் வைத்துப் பெரிதாக்கினான். முகம் கையகலம் ஆனபோது அது ஒரு பெண்ணின் முகம் என்று தெரிந்தது. தாம்பாளத்தளவு ஆனபோது யாருடைய முகமாகவும் இருந்திருக்கலாம். அதற்கு மேல் பெரிதாக்க வெறும் சாம்பல் புள்ளிகள்தான். பென்சிலால் கண்ணைத் தீட்டித் தெளிவாக்கலாம் என்று உட்கார்ந்தான். அவளுடைய இமை எப்படி இருக்கும் என்று யோசித்தான். புருவத்துக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம்? இடது கன்னத்தில் மச்சம் இருந்ததா, வலதிலா? கேமராவின் பின்கண்ணாடியில் பிம்பம் தலைகீழாக, இடம் வலம் மாறித்தான் விழும். அந்தத் தலைகீழ் உருவம்தான் நினைவுக்கு வந்தது. அதிலும் பத்திரிகையே முன்னால் நின்றது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். மச்சம் எந்தக் கன்னத்தில் என்று தனலெட்சுமியிடம் போய்க் கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

அலமாரியின் கீழ்த்தட்டில் வாடிக்கைக்காரர்களின் பழைய படங்கள் இருந்தன. அவற்றையும் எடுத்துப் பார்த்தான். அதே வண்டிக்காரர், அதே சூளைக்காரரின் மனைவி. பழைய லென்ஸில் ஓரமெல்லாம் கரைந்திருந்தாலும் அந்த முகங்களில் உயிர் இருந்தது. எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் அவளைப் பார்க்காதவன் தான் ஒருவன்தான் என்பது அப்போது அவனுக்கு விளங்கியது. கைத்திறமை என்று தான் நினைத்து வளர்த்தது பாதிக்கு மேல் அவளுடைய வாய்ப்பேச்சு என்பதும் விளங்கியது. காரியத்தன்று குத்துவிளக்கை மட்டும் ஏற்றி, அதற்கு மாலை போட்டார்கள்.

ரப்பர் விலை விழுந்து மூன்றாவது வருஷம். தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். பிறகு ரயில்வேயிலும் நிறுத்தினார்கள். புதுப் பாலம் கட்டுவதாக இல்லை, அதனால் நகலெடுக்க ஒன்றும் இல்லை. சபாபதிக்கு வந்த கடிதத்தில் மாதக் கடைசிக்குள் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. அவன் அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தான். அவனுக்கு அதிர்ச்சியாகக்கூட இல்லை.

அந்த மாதத்து இரண்டாவது ஞாயிறு ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவன் பெயர் வேலாயுதம், தண்டவாளப் பாதையில் கல் கொட்டுகிறவன். அவள் தங்கமணி, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வேலை போய்விட்டது, சர்க்கார் செலவில் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள், புதன்கிழமை கப்பல் என்றான் வேலாயுதம்.

"படம் எங்களுக்கில்லண்ணே. இவளோட அம்மா ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்காங்க. அவங்களுக்கு வேலை இருக்கு, வரல. அவங்க கையில ஒரு படம் குடுக்கணும்னு இவ அடம் புடிக்குறா. நீங்கதான் எப்படியாவது சேத்துரணும்."

சபாபதி அவர்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தான். தங்கமணி விறைத்துப்போய் லென்ஸைப் பார்த்தாள். குழந்தை அழுதது. இன்றைக்காவது பேசிப் பார்க்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. கறுப்புத் துணியை விட்டு வெளியே வந்து, நீளக் குழாயோடு குமிழைக் கையில் பிடித்தபடி இடப்பக்கத் தூண் அருகே நின்றான். என்ன கேட்பதென்று தெரியவில்லை. நல்லம்மாளுக்குக் கோழி தெரியும், மாமியார் சண்டை தெரியும், யார் வீட்டில் பல் முளைத்தது என்பது தெரியும்.

"உங்களுக்கு ஊரு எதும்மா?" என்றான் கடைசியில்.

"அவருக்குச் சேலம் பக்கம்."

"உனக்கு?"

"எனக்கு ஊரு இல்லைங்க. இங்கதான் பொறந்தேன். அங்க எப்படி இருக்கும்னு தெரியாது." சொல்லிவிட்டு, ஏதாவது பதில் வருமா என்பது போல அவனையே பார்த்தாள். "நீங்க போயிருக்கீங்களா?"

சபாபதி பதினெட்டு வயதில் வந்தவன். அங்கே எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதை இவளிடம் சொல்ல முடியாது. பொய்யாக ஒன்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த குமிழை அமுக்கிவிட்டான்.

தகட்டைக் கழுவி வெளியே எடுத்தபோதே தெரிந்துவிட்டது. அவன் எடுத்ததில் இதைப் போல ஒன்று இல்லை. சீமைப் பத்திரிகையிலும் இல்லை. குழந்தை அழுகை நின்று அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது. வேலாயுதம் தரையைப் பார்த்திருந்தான். தங்கமணி கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பதில் வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்ட அந்த அரை நொடி அப்படியே கண்ணில் நின்றது. நல்லம்மாள் இருந்திருந்தால் இவள் இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்தான். படம் ஈரம் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து கப்பல் போனது. அவன் வழியனுப்பப் போகவில்லை. மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு கிள்ளான் ரயிலேறி, அங்கிருந்து மோட்டார் பஸ்ஸில் ஜெஞ்சாரோம் போய், தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தான். தங்கமணியின் அம்மா இராஜம்மா அப்போதுதான் ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. படம் என்றதும் கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

முதலில் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன கேக்குறா இவ?" என்றாள்.

சபாபதி கவிழ்த்த வாளியைப் பார்த்தான்.

"எதையோ கேக்குற மாதிரியே இருக்கே. இதச் செவுத்துல வச்சுக்கிட்டு நான் எப்படிங்க தெனமும் முழிக்கிறது?" அவள் குரல் உயரவில்லை. "கொஞ்சம் சிரிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்குச் சொல்லத் தெரியலம்மா" என்றான்.

இராஜம்மா படத்தைத் திருப்பி, முகம் உள்பக்கமாக மார்போடு அணைத்தபடி உள்ளே போனாள். தகரப்பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு டின் குவளையில் கோப்பியோடு வெளியே வந்தாள். அவன் வாங்கிக் குடித்தான். சீனி போடாத கோப்பி. லயத்தின் மறுகோடியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன.

"கப்பலு போய்ச் சேர எத்தனை நாளாகும்?" என்று கேட்டாள்.

"ஏழு நாள். எட்டு நாளும் ஆகும்."

"இன்னிக்கு ஒரு நாள் ஆச்சு" என்றாள் இராஜம்மா. வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடி கவிழ்த்தாள். கடைசி பஸ் நாலு மணிக்கு என்று அவளே சொன்னாள். சபாபதி குவளையைக் கீழே வைத்துவிட்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் சடக்கு ரோட்டைப் பார்த்து நடந்தான்.